மரத்தடியில் சாப்பிட்டவர்களின் டீம்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு பசங்க வீட்டுக்கு வந்தாங்க. எல்லாரும் எங்க திண்ணனூர் நாட்டுப் பசங்கதான். (புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்கு: கொல்லிமலையில் 'நாடு' என்றால் ஊராட்சி. மலை மேல் மொத்தம் 14 நாடுகள்.) ஒருத்தன் கையில் நாலாக மடித்த நோட்டுத் தாள். "அண்ணா, இதை நல்ல தமிழ்ல எழுதி டைப் பண்ணித் தரணும். நாங்களே டோர்னமென்ட் நடத்தப் போறோம்" என்றான்.

விஷயம் என்னன்னு கேட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி கீழ்நாட்டில் ஒரு ஊருக்கு டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடப் போயிருக்காங்க. நுழைவுக் கட்டணம் கட்டி, விடியற்காலையில் பிக்கப் வண்டி பிடிச்சு, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், முதல் மேட்ச்ல ஜெயிச்சிருக்காங்க. மத்தியானம் எல்லா டீமுக்கும் பக்கத்து மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பாடு. இவங்களுக்கு மட்டும் பொட்டலம். "உள்ள இடம் இல்லப்பா, மலைப் பசங்க அந்த வேப்பமரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டுக்கங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ரெண்டாவது மேட்ச்ல தோற்றுப்போய்த் திரும்பியிருக்கிறார்கள். தோற்றதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆறு பேரும் அந்த மரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

எனக்கு உடனே 1888 ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் கறுப்பர் பேஸ்பால் லீக்குகள் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதோடு சேர்த்து மதராஸ் கிரிக்கெட்டின் பழைய கதையையும் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். ரெண்டையும் இணைத்து எழுத ஒரு காரணம் கிடைக்கவில்லை. அந்த நோட்டுத் தாள் காரணமாகிவிட்டது. குறிப்பாக, அதில் இருந்த முதல் விதி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேப்பாக்கத்து மரம்

மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல் ஆரம்பிக்கப்பட்டது. 1865ல் சேப்பாக்கத்தில் இடம் கிடைத்தது. இன்று ஸ்டேடியம் இருக்கும் அதே இடம். கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியர்கள் அங்கே பந்து பொறுக்கலாம், புல் வெட்டலாம், சில சமயம் எதிரணியாக வந்து ஆடவும் செய்யலாம். உறுப்பினராக முடியாது.

புச்சிபாபு என்று எல்லோரும் கூப்பிட்ட மொதவரப்பு வெங்கடமகிபதி நாயுடு 1868ல் பிறந்தவர். தாத்தா வெங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனிக்கு துபாஷ். அதாவது கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேச்சையும் கணக்கையும் முடித்துக் கொடுப்பவர். அந்தக் காலத்து மதராஸில் துபாஷ் என்றாலே பெரிய பணம். மயிலாப்பூர் லஸ் பக்கம் பெரிய தோட்ட வீடு. பேரனை வளர்க்க இங்கிலாந்துப் பெண்மணிகளை வைத்திருந்தார்கள். அவர்கள் சாயந்திரம் குழந்தைகளைச் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் கிரிக்கெட் காட்டினார்கள். பையனுக்கு ஆட்டம் பிடித்துப்போனது இப்படித்தான்.

வளர்ந்த பிறகு அதே சேப்பாக்கத்தில் அவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. மேட்ச் நாளில் உணவு இடைவேளைக்கு வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் போனார்கள். இந்தியர்களுக்கு மரத்தடி. பத்து நிமிஷம் முன்புவரை ஒருவருக்கொருவர் பந்து போட்டுக்கொண்டிருந்தவர்கள், சோறு என்று வந்ததும் ரெண்டாகப் பிரிந்தார்கள். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் ஆரம்பம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சம்பவம் இது.

புச்சிபாபு மனு எழுதவில்லை. 1888ல், இருபது வயதில், தனியாக ஒரு கிளப் ஆரம்பித்தார். பெயர் மதராஸ் யுனைடெட் கிளப். எஸ்பிளனேடில், கோட்டைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, தன் காசில் மைதானம் சீர் செய்து, மட்டை, பந்து, ஸ்டம்பு எல்லாம் வாங்கிப்போட்டார். இந்திய இளைஞர்கள் யாரிடமும் கை நீட்டாமல் ஆடிப் பழக ஒரு இடம் உண்டானது. 'தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை' என்று அவரைச் சொல்வது இதற்காகத்தான்.

அவர் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனியாக ஆடிக்கொண்டே இருந்தால் நாம் நல்லா ஆடுகிறோமா என்று யாருக்கும் தெரியாது. சமமாக நின்று ஒரு மேட்ச் ஆட வேண்டும், அதுவும் அவர்கள் மைதானத்தில். கிளப்காரர் பி.டபிள்யூ. பார்ட்ரிட்ஜிடம் பேசி, இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதும் 'பிரசிடென்சி மேட்ச்' 1908 டிசம்பரில் என்று ஏற்பாடானது. மேட்சுக்குச் சில நாட்கள் முன்னால் புச்சிபாபு இறந்துபோனார். வயது நாற்பது. மேட்ச் நடந்தது, அவர் பார்க்கவில்லை.

1915-16லிருந்து அது வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நடந்தது. 1951-52 வரைக்கும், அதாவது நாடு விடுதலை அடைந்து நாலைந்து வருஷம் ஆன பிறகும், சேப்பாக்கத்தில் இந்தியர் அணி, ஐரோப்பியர் அணி என்று பிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இதை முதலில் படித்தபோது நம்ப முடியாமல் வருஷத்தை ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

பலன் இல்லாமலும் இல்லை. 1934 நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்ச் அதே சேப்பாக்கத்தில் நடந்தது. மதராசும் மைசூரும் ஆடின. மதராஸ் கேப்டன் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து மேட்சில் 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. புச்சிபாபுவின் மகன் சி. ராமசாமி 1922ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார், 1936ல் நாற்பது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். மான்செஸ்டரில் 40, 60 ரன். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மரத்தடிக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆரம்பித்த ஆட்டம் ஐம்பது வருஷத்தில் அவ்வளவு தூரம் போனது.

அதே சமயம் அமெரிக்காவில்

மதராஸ் யுனைடெட் கிளப் ஆரம்பித்ததற்கு முந்தைய வருஷம், 1887 ஜூலை 14 அன்று, அமெரிக்காவில் இன்டர்நேஷனல் லீக் என்ற பேஸ்பால் அமைப்பின் நிர்வாகிகள் கூடி, இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களுடன் புது ஒப்பந்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்கு மூணு வருஷம் முன்புதான் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் டொலிடோ அணிக்காக மேல்மட்ட லீக்கில் ஆடியிருந்தார். அதன்பின் அறுபது வருஷத்துக்குக் கதவு மூடியே இருந்தது. மேல்மட்ட லீக்குகளில் இதற்கு எழுதி வைத்த சட்டம்கூடக் கிடையாது. எல்லோரும் பேசாமல் கடைப்பிடித்த ஏற்பாடு.

அவர்களும் தனி டீம் ஆரம்பித்தார்கள். ஆனால் நிலைமை வேறு. டீம் உண்டு, சொந்த மைதானம் கிடையாது. மேட்ச் உண்டு, நிரந்தர அட்டவணை கிடையாது. வெள்ளைக்கார ஏஜென்டுகள்தான் மேட்ச் ஏற்பாடு செய்தார்கள், வசூலில் பங்கும் எடுத்துக்கொண்டார்கள். இதை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர் ரூப் ஃபாஸ்டர். தானே பெரிய பந்துவீச்சாளர், அப்புறம் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் டீமின் உரிமையாளர். 1920 பிப்ரவரி 13 அன்று கான்சாஸ் சிட்டியில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் டீம் உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கை உண்டாக்கினார். ('நீக்ரோ' இன்று யாரும் விரும்பாத சொல். லீக்கின் பெயரே அதுதான் என்பதால் எழுதுகிறேன்.) முதல் வருஷம் எட்டு டீம். அதில் ஒன்று கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ்.

மோனார்க்ஸ் கதை தனிப் புத்தகம் போடும் அளவுக்கு இருக்கிறது. நமக்கு வேண்டியது நாலு விஷயம். முதலாவது, உரிமையாளர் ஜே.எல். வில்கின்சன் ஒரு வெள்ளைக்காரர். கறுப்பர்களுக்காகக் கறுப்பர்கள் நடத்தும் லீக் என்பது ஃபாஸ்டரின் கனவு. ஆனாலும் வில்கின்சனை வெளியே நிறுத்தவில்லை. இரண்டாவது, 1924ல் நடந்த முதல் கறுப்பர் உலகத் தொடரில் ஹில்டேல் அணியை வென்றது மோனார்க்ஸ். மூன்றாவது, 1930ல் வில்கின்சன் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய விளக்குக் கம்பங்கள் செய்து ஊர் ஊராக ராத்திரி மேட்ச் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகும் ஜனம் ராத்திரிதானே வர முடியும்? வெள்ளையர்களின் மேல்மட்ட லீக்கில் முதல் ராத்திரி மேட்ச் 1935ல்தான் நடந்தது. கதவுக்கு வெளியே இருந்தவர்கள் ஐந்து வருஷம் முந்திக்கொண்டார்கள்.

நான்காவது கொஞ்சம் கசப்பானது. 1945ல் மோனார்க்ஸுக்கு ஆடிய ஒரு இளைஞர் ஜாக்கி ராபின்சன். அவரை புரூக்லின் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டது. 1947 ஏப்ரல் 15 அன்று அவர் மேல்மட்ட லீக்கில் களம் இறங்கினார். சுவர் இடிந்தது. ஆனால் மோனார்க்ஸுக்கு அதற்காக ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், அவர்கள் பின்னால் ரசிகர்களும் போனார்கள். 1948 முடிவில் நீக்ரோ நேஷனல் லீக் மூடப்பட்டது. மோனார்க்ஸ் ஊர் ஊராகச் சுற்றும் டீமாகத் தேய்ந்து 1965ல் முடிந்தது. ஆட்டக்காரர்களை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். டீமை, அதன் உரிமையாளரை, டிக்கெட் கிழித்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சுவருக்குள் இன்னொரு சுவர்

இதுவரை சொன்னது வெள்ளைக்காரர் கட்டிய சுவர். நம்ம ஊரில் இன்னொன்று இருந்தது. அதைப் பார்க்க மதராஸை விட்டு பூனாவுக்குப் போக வேண்டும்.

பல்வங்கர் பாலூ. 1876ல் தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சாம்பார் சாதி, அன்றைய கணக்கில் தீண்டத்தகாதவர். அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. பையனுக்கு பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் தரை பெருக்கி, ஆடுகளம் உருட்டும் வேலை, மாதம் மூணு ரூபாய். அப்புறம் ஐரோப்பியர் கிளப்பில் நாலு ரூபாய். அங்கே வலைப்பயிற்சியில் பந்து போடச் சொன்னார்கள். கேப்டன் ஜே.ஜி. கிரேக், அன்றைய பெரிய பேட்ஸ்மேன், தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவையும் பாலூவுக்கு எட்டணா கொடுப்பார் என்று சொல்வார்கள். மணிக்கணக்காகப் பந்து போட வைத்தார்கள். மட்டையைப் பிடிக்க மட்டும் விடவில்லை. பேட்டிங் துரைமார் வேலை.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியர் அணியை எதிர்த்து ஆட ஒரு டீம் வைத்திருந்தார்கள். மதராஸ் யுனைடெட் கிளப் போலவே 'நாமும் ஆடிக்காட்டுவோம்' என்று கிளம்பிய டீம். பாலூவைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று அதற்குள் பெரிய சண்டை. கடைசியில் ஜெயிக்க வேண்டுமே என்று சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் டீ பெவிலியனுக்கு வெளியே, உடைத்துப் போடும் மண் குவளையில். சாப்பாடும் தனியாக.

சேப்பாக்கத்து மரத்தடியை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே வெள்ளைக்காரர் உள்ளே, இந்தியர் வெளியே. பூனாவில் இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு பந்தல் போட்டார்கள், அந்தப் பந்தலுக்கு வெளியே ஒரு இந்தியரை உட்கார வைத்தார்கள். அவமானம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் செய்தார்கள்.

பாலூ பின்பு பம்பாய்க்கு வந்து, இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாலூவும் தம்பி ஷிவ்ராமும் அந்த டீமில் இருந்தார்கள். நாடெங்கும் பேசப்பட்ட வெற்றி அது. 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலூ எல்லா மேட்சும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அந்த டீமின் பெரிய சம்பாத்தியமே அவர் பந்துவீச்சுதான்.

இவ்வளவு செய்தவருக்கு இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி வரவே இல்லை. எம்.டி. பை கேப்டனானபோது, இந்த இடம் பாலூவுக்கு உரியது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1920ல் கேப்டன் பதவிப் பிரச்சினையில் பல்வங்கர் சகோதரர்கள் அணியிலிருந்து விலகினார்கள். ஊரில் பெரிய விவாதமாகி, கடைசியில் பாலூ துணைக் கேப்டனானார். வருஷத்தைக் கவனியுங்கள்: 1920. ஃபாஸ்டர் கான்சாஸ் சிட்டியில் லீக் ஆரம்பித்த அதே வருஷம். 1923ல் இன்னொரு தம்பி விட்டல் கேப்டனானார். அந்த வருஷம் இந்துக்கள் ஐரோப்பியரை வென்று கோப்பை வாங்கினார்கள். ரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மண் குவளையிலிருந்து தோள் வரைக்கும் வர ஒரு குடும்பத்துக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இந்தக் கதைக்கு மதராஸ் தொடர்பு ஒன்றும் உண்டு. 1932ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நம்ம ஊர் எம்.சி. ராஜாவும் பாலூவும் இருக்கிறார்கள். 1937ல் பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் பாலூவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்கு, பாலூ 11,225. ஒரு காலத்தில் பாலூவின் வெற்றியைப் பார்த்துப் பெருமைப்பட்டு, அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்த உழைத்தவர் அம்பேத்கர். அரசியலில் பாலூ எடுத்த நிலை சரியா தப்பா என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு: இந்துக்கள் அணி அவரை முழுசாக உள்ளே எடுத்திருந்தால், அவர் ஜெயித்த எல்லா மேட்சும் எப்போதோ ஒரு ஊரின் பொதுச் சொத்தாகியிருக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே வைத்ததால்தான் இன்று நிறையப் பேருக்கு அவர் பெயர் தெரியவில்லை.

ஸ்கோர் நோட்டு

பெயர் தெரியாமல் போவது பற்றி இன்னும் ஒரு குறிப்பு. 2020 டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பர் லீக்குகளை மேல்மட்ட லீக்குகள் என்று ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் அந்த ஸ்கோர்களை அதிகாரப்பூர்வ கணக்கில் சேர்த்தார்கள். அதோடு நீண்ட காலமாக இருந்த ஒரு சாதனை இடம் மாறியது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் வைத்திருந்த .367 கீழே போய், ஜோஷ் கிப்சனின் .372 மேலே வந்தது. (நம்ம கிரிக்கெட் சராசரி மாதிரி அல்ல. கணக்கில் வரும் ஆயிரம் முயற்சியில் 372 தடவை அடித்து முதல் பேஸையாவது பத்திரமாக அடைந்தார் என்று அர்த்தம்.) கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களம் இறங்குவதற்கு மூணு மாசம் முன்னால், 35 வயதில் இறந்துபோனவர்.

இது எப்படி முடிந்தது என்றால், அந்தக் காலத்தில் சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் மாதிரியான கறுப்பினப் பத்திரிகைகள் மேட்ச் ஸ்கோரை அச்சிட்டு வைத்தன. ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டி ஒவ்வொரு ஆட்டமாகச் சேர்த்தார்கள். எழுதி வைத்தது மட்டும் திரும்பி வந்தது. எழுதாமல் விட்ட மேட்ச் நடந்ததாகவே கணக்கில் இல்லை. 2020ல் யாரோ நியாயம் செய்ய நினைத்தபோது, 1920ல் யாரோ ஒருவர் பென்சிலோடு மைதானத்தில் உட்கார்ந்திருந்தது கைகொடுத்தது.

முதல் விதி

இப்போது பசங்க கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். மேலே டோர்னமென்ட் பெயர், அப்புறம் பரிசுத் தொகை, அப்புறம் விதிகள். முதல் விதி இது: 'நம்ம நாட்டுல பொறந்த பசங்க மட்டும் ஆடலாம்.'

ஆறு பேர் வந்திருந்தார்கள் என்று சொன்னேன். கீழ்நாட்டுக்குப் போன டீமில் ஆடின ஒரு பையன் அன்றைக்கு வரவில்லை. விக்கெட் கீப்பர். அவன் குடும்பம் எட்டு வருஷம் முன்னால் கீழேயிருந்து வேலைக்கு வந்தது. குச்சிக்கிழங்குக் காடு, மிளகுத் தோட்டம் என்று வேலை இருக்கிற இடத்தில் தங்குவார்கள். அவன் இங்கேதான் பள்ளிக்கூடம் போனான், இங்கேதான் ஆடப் பழகினான். பிறந்தது மட்டும் இங்கே இல்லை.

"கீப்பர் எங்கடா?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

"அன்னைக்கு வேப்பமரத்தடியில அவனும்தானே உட்கார்ந்திருந்தான்?"

கொஞ்ச நேரம் கழித்து, அவர்களில் பெரியவன் பேசினான். "அண்ணா, நீங்க சொல்றது புரியுது. ஆனா இந்த விதி இல்லன்னா என்ன ஆகும்? ஆளுக்கு ஆள் கீழ இருந்து நல்ல பிளேயரா காசு குடுத்து இறக்குவாங்க. ஃபைனல்ல மலைப் பையன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். நாங்க நடத்துற டோர்னமென்ட்ல நாங்களே வெளிய நிக்கணுமா?"

இது நியாயமான கேள்வி. சும்மா ஒதுக்கிவிட முடியாது. ராபின்சன் போன பிறகு மோனார்க்ஸுக்கு என்ன ஆச்சு என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதே பயம்தான் இது. கதவை அகலத் திறந்தால் பலமானவன் உள்ளே வந்து, யாருக்காகக் கட்டினோமோ அவனைத் தள்ளிவிடுவான். தனி டீம் தேவைதான். புச்சிபாபு அன்று சேப்பாக்கத்துக்காரர்கள் மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் ராம்சிங்கும் கோபாலனும் எங்கே ஆடிப் பழகியிருப்பார்கள்?

ஆனால் பிறப்பை வைத்துக் கதவு போட்டால் அது பூனாப் பந்தல். அன்றைக்கு மண்டபத்தில் 'மலைப் பசங்க' என்று சொன்ன ஆளும் பிறப்பை வைத்துத்தான் சொன்னார். அவர் எழுதாமல் கடைப்பிடித்த விதியை நாம் நோட்டீஸிலேயே அச்சடித்துக் கொடுக்கப் போகிறோமா என்று கேட்டேன். பாலூ கதையைச் சொன்னேன். மண் குவளை வந்த இடத்தில் ஒருத்தன் எழுந்து வெளியே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தான்.

ராத்திரி எட்டு மணி வரைக்கும் பேசினோம். கடைசியில் முதல் விதியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறோம்: 'மலையில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் குடியிருந்து வருபவர்கள் ஆடலாம். எங்கே பிறந்தவர் என்று கேட்கக் கூடாது.' நாலு பேர் சரி என்றார்கள். ரெண்டு பேர் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். மற்ற நாடுகளின் டீம்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் பாக்கி இருக்கிறது.

ரெண்டாவது விதி நான் சேர்த்தது: எல்லா டீமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கீழேயிருந்து வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் அதே பந்தி. மூணாவது: ஒவ்வொரு மேட்சுக்கும் ஸ்கோர் எழுத ஒரு ஆள், ஒரு நோட்டு, அதில் ஆடியவர்கள் பெயர் முழுசாக. "அதெல்லாம் மொபைல் ஆப்ல வரும்ண்ணா" என்றான் ஒருத்தன். ஆப் வைத்துக்கொள்ளுங்கள், நோட்டிலும் எழுதுங்கள் என்றேன். செம்மேட்டில் கடையில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கீப்பர் பையன் வீட்டுப் பக்கம் வந்தான். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நோட்டு இருக்கும் விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கீப்பர் பிடிச்ச கேட்ச்சும் இதுல எழுதுவீங்களாண்ணா?" என்று கேட்டான். எழுதுவோம், பந்து போட்டவன் பேரோடு சேர்த்து எழுதுவோம் என்று சொன்னேன்.

தை பிறந்ததும் டோர்னமென்ட். எப்படி நடந்தது என்று வேறொரு குறிப்பில் எழுதுகிறேன். படிப்பவர்கள் யார் வீட்டிலாவது பழைய பிரசிடென்சி மேட்ச் ஸ்கோர் புத்தகமோ, தாத்தா காலத்து மேட்ச் நோட்டீஸோ பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.